விண்டோஸ் பில்டுக்குப் புதிய லைப்ரரிகள்: பழைய ஜிப்பை என்ன செய்வது?

புதுவிசை | 11 ஜனவரி 2025

ஒரு ஓபன் சோர்ஸ் பட எடிட்டரை விண்டோஸில் பில்டு பண்ணணும். பில்டு குறிப்பில் ஒரு ஜிப்பைக் கொடுத்து, "இதை விரித்து டெப்ஸ் ஃபோல்டரில் போடு" என்று முடித்துவிட்டார்கள். உள்ளே மூன்று லைப்ரரிகள்: இசட்லிப் 1.2.8 (கோப்புச் சுருக்கம்), லிப்பிஎன்ஜி 1.4 (பிஎன்ஜி படங்கள்), ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1இ (குறியாக்கம்). அத்தனையும் விஷுவல் ஸ்டுடியோ 2013இல் கட்டியவை. என்னிடம் இருப்பது 2022. லிங்க் கட்டத்தில், அதாவது துண்டுகளை ஒரே எக்ஸியாக இணைக்கும்போது, ஐஓபி_ஃபங்க் என்ற பெயர் கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

இதே ஜிப்பின் புதுப் பதிப்பு எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால், புது டிஎல்எல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பழையது இருந்த இடத்தில் போட்டாலே ஓடிவிடும் என்பது என் கணிப்பு. தப்பென்றால் சொல்லுங்கள்.

தொகுப்பான் | 11 ஜனவரி 2025

ஓடாது. ஓடினால் இன்னும் மோசம், எப்போது விழும் என்று தெரியாது.

லைப்ரரி என்றால் ஹெட்டர் (கம்பைலர் படிக்கும் அறிவிப்புகள்), இம்போர்ட் லிப் (லிங்க்கருக்கானது), டிஎல்எல் (ஓடும்போது ஏறும் நிரல்) மூன்றும் சேர்ந்தது. மூன்றும் ஒரே பில்டில் பிறந்திருக்க வேண்டும். ஹெட்டர் பழசு, டிஎல்எல் புதுசு என்றால், நடுவே ஒரு ஸ்ட்ரக்டில் ஒரு புலம் கூடியிருந்தாலே போதும், கதை முடிந்தது. லிப்பிஎன்ஜியும் லிப்ஜேபெக்கும் நல்ல பிள்ளைகள்: பதிப்பு பொருந்தாவிட்டால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு நின்றுவிடும். லிப்ஜேபெக் "லைப்ரரி 80, கேட்பவர் எதிர்பார்ப்பது 62" என்று எண்ணோடு திட்டும். மற்ற பலவற்றில் இந்தச் சோதனையே கிடையாது. எங்கோ எழுதிவிட்டு வேறெங்கோ விழும்.

ஐஓபி_ஃபங்க் விஷயம்: 2015இல் மைக்ரோசாஃப்ட் சி ரன்டைமை (சி நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி) இரண்டாகப் பிரித்து, பெரும்பகுதியை யுசிஆர்டி என்று தனியே வைத்தது. ஸ்டாண்டர்டு உள்ளீடு, வெளியீடு, பிழை மூன்றையும் எடுத்துத் தரும் உள் ஃபங்ஷனின் பெயரும் அதோடு மாறியது. பழைய லிப் இன்னும் பழைய பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயரில் ஒரு போலி ஃபங்ஷனை நீங்களே எழுதிவிடலாம் என்று பல இடங்களில் பதில் இருக்கும். லிங்க் ஆகும். ஆனால் ஃபைல் ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பும் அப்போதே மாறிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றை அச்சிடப் போகும்போது செயலி மடியும். பழைய பிரிண்ட்எஃப் குடும்பத்துக்கென்று மைக்ரோசாஃப்டே தரும் 'லெகஸி ஸ்டுடியோ டெஃபனிஷன்ஸ்' லிப்பும் இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்று. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1இ ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை உள்ள பதிப்பு. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாமே அப்படித்தான். அந்த ஜிப்பை அப்படியே குப்பையில் போடுங்கள்.

ஓடுதளம் | 12 ஜனவரி 2025

தொகுப்பான் சொன்னதோடு சேர்த்து: 2015க்குப் பிறகு நிலைமை இவ்வளவு மோசமில்லை. 2015, 2017, 2019, 2022 நான்கின் டூல்செட்டுகளும் (கம்பைலர், லிங்க்கர் கட்டு), அதாவது 140 முதல் 143 வரை, ஒன்றுக்கொன்று பைனரி அளவில் ஒத்துப்போகும். 2017இல் கட்டிய லிப்பை 2022இல் தாராளமாக லிங்க் செய்யலாம். நிபந்தனைகள்: கடைசி லிங்க்கை, கலந்திருப்பவற்றில் ஆகப் புதிய டூல்செட்டாவது செய்ய வேண்டும், ஓடும் கணினியில் உள்ள ரீடிஸ்ட்ரிபியூட்டபிளும் (மைக்ரோசாஃப்ட் தரும் ரன்டைம் டிஎல்எல் பொதி) அதைவிடப் பழசாக இருக்கக்கூடாது. முழு நிரல் ஆப்டிமைசேஷன் கொடியோடு கட்டிய ஸ்டாட்டிக் லிப்களுக்கு (எக்ஸிக்குள்ளேயே சேர்ந்துவிடுபவை) இந்தச் சலுகை கிடையாது. அவை அதே டூல்செட்டைத்தான் கேட்கும்.

ஆக 2013 ஜிப் செத்தது. 2017 ஜிப் என்றால் பேசிப் பார்த்திருக்கலாம்.

தொகுப்பான் | 12 ஜனவரி 2025

சரி, புதியது எங்கே என்ற கேள்விக்கு வருவோம். ஜிப் தேடுவதை விடுங்கள். இன்று நடைமுறையில் இரண்டு வழி: விசிபேக்கேஜ் (மைக்ரோசாஃப்டின் லைப்ரரி மேலாளர்), எம்சிஸ்2 (விண்டோஸுக்கான யுனிக்ஸ் பாணிக் கருவிகளும் தொகுப்புகளும்). (கோனன், கோண்டா-ஃபோர்ஜ் இரண்டும் உண்டு. ஏற்கனவே அவற்றில் இருப்பவர்கள் அங்கேயே இருக்கலாம்.)

உங்கள் செயலியை எம்எஸ்விசி (விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலர்) கொண்டு கட்டுவதானால் விசிபேக்கேஜ். ஜிசிசி அல்லது கிளாங், அதுவும் ஆட்டோகான்ஃப் வகைச் செயலி (கான்ஃபிகர் ஸ்கிரிப்டோடு வருவது) என்றால் எம்சிஸ்2. இரண்டையும் கலக்காதீர்கள். சி லைப்ரரியை ஒரு பக்கம் கட்டி மறுபக்கம் பயன்படுத்த முடியும், இம்போர்ட் லிப் மட்டும் தயாரித்தால் போதும். சி++ லைப்ரரி முடியாது: பெயர்களைச் சிதைக்கும் முறை வேறு, எக்ஸெப்ஷன் கையாளும் முறை வேறு, ஸ்டாண்டர்டு லைப்ரரியே வேறு.

உங்களுக்கு விசிபேக்கேஜ். வரிசை இது:

விஷுவல் ஸ்டுடியோ இன்ஸ்டாலரில் 'டெஸ்க்டாப் சி++' பகுதியும் ஆங்கில மொழிப் பொதியும் இருக்கட்டும். மொழிப் பொதி இல்லாவிட்டால் விசிபேக்கேஜ் அந்தக் கம்பைலரையே கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிவிடும்.

சி டிரைவின் வேரில் எஸ்ஆர்சி என்பதுபோல் சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர். இடைவெளி உள்ள பாதை வேண்டாம், டெஸ்க்டாப்பும் வேண்டாம். கிட் கொண்டு விசிபேக்கேஜ் களஞ்சியத்தை முழுதாகக் குளோன் செய்யுங்கள். ஆழம் 1 என்று சுருக்கிக் குளோன் செய்யாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். உள்ளே இருக்கும் பூட்ஸ்ட்ராப் என்ற கட்டளைக் கோப்பை ஓட்டுங்கள்.

பிறகு உங்கள் செயலியின் சோர்ஸ் வேரில் விசிபேக்கேஜ்.ஜேசன் என்ற மேனிஃபெஸ்ட், அதாவது தேவைப் பட்டியல். அதில் டிபெண்டன்சீஸ் பட்டியலில் இசட்லிப், லிப்பிஎன்ஜி, ஓபன்எஸ்எஸ்எல் என்று பெயர்கள் மட்டும். சிமேக்கை (பில்டு கோப்புகளைத் தயாரிக்கும் கருவி) முதல்முறை ஓட்டும்போதே டூல்செயின் கோப்பாக, விசிபேக்கேஜின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் பில்டுசிஸ்டம்ஸ் ஃபோல்டரில் இருக்கும் விசிபேக்கேஜ்.சிமேக் கோப்பைக் காட்டுங்கள். மீதியை அதுவே இறக்கி, கட்டி, பாதை காட்டிவிடும்.

'முதல்முறை' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். டூல்செயின் கோப்பை சிமேக் முதல் கான்ஃபிகரில் மட்டும்தான் மதிக்கும். ஏற்கனவே ஓட்டிய பில்டு ஃபோல்டர் என்றால் அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

புதுவிசை | 14 ஜனவரி 2025

விசிபேக்கேஜ் எல்லாவற்றையும் கட்டிவிட்டது, அருமை. ஆனால் என் செயலியை லிங்க் செய்யும்போது 2038 பிழை. ரன்டைம் லைப்ரரி பொருந்தவில்லை, ஒன்று ஸ்டாட்டிக் ரிலீஸ், மற்றது டைனமிக் ரிலீஸ் என்கிறது. ட்ரிப்லெட்டாக (எந்த வகைக் கணினிக்கு, எப்படிக் கட்டுவது என்று விசிபேக்கேஜுக்குச் சொல்லும் பெயர்) எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக் கொடுத்தேன். ஒரே எக்ஸியாக வேண்டும் என்பதால்.

தொகுப்பான் | 14 ஜனவரி 2025

ட்ரிப்லெட் பெயரில் இருக்கும் 'ஸ்டாட்டிக்' இரண்டு விஷயத்தை ஒருசேர மாற்றுகிறது. அதுதான் சிக்கல்.

எக்ஸ்64-விண்டோஸ்: லைப்ரரிகள் டிஎல்எல், சி ரன்டைமும் டிஎல்எல்.
எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக்: லைப்ரரிகள் ஸ்டாட்டிக், சி ரன்டைமும் ஸ்டாட்டிக்.
எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக்-எம்டி: லைப்ரரிகள் ஸ்டாட்டிக், ரன்டைம் மட்டும் டிஎல்எல்.

விஷுவல் ஸ்டுடியோவிலும் சிமேக்கிலும் எதையும் தொடாவிட்டால் உங்கள் செயலி டைனமிக் ரன்டைமில்தான் கட்டப்படும். அதனால் மூன்றாவதை எடுங்கள். ரன்டைமும் உள்ளேயே வேண்டும் என்று பிடிவாதமிருந்தால் இரண்டாவதை வைத்துக்கொண்டு, சிமேக்கில் எம்எஸ்விசி ரன்டைம் லைப்ரரி மாறியை 'மல்டித்ரெடட்' என்று மாற்றுங்கள். அந்த மாறி வேலை செய்ய, செயலியின் சிமேக் கோப்பு குறைந்தபட்சப் பதிப்பாக 3.15 அல்லது அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டும். பழைய கோப்பென்றால் மாறியைச் சத்தமில்லாமல் புறக்கணிக்கும்.

அதே 2038 எண்ணில் 'இட்டரேட்டர் டீபக் லெவல்' 0க்கும் 2க்கும் பொருந்தவில்லை என்று வந்தால் அது வேறு நோய். டீபக் பில்டுக்கு ரிலீஸ் லிப் போய்விட்டது என்று பொருள். விசிபேக்கேஜ் இரண்டையும் கட்டி, டீபக் லிப்களை 'டீபக்' என்ற உட்ஃபோல்டரில் வைக்கும். சிமேக் வழியாகப் போனால் தானே சரியாக எடுக்கும். பாதையைக் கையால் எழுதுபவர்களுக்குத்தான் இந்தப் பரிசு.

பூச்சிபிடி | 15 ஜனவரி 2025

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். டெவலப்பர் பிராம்ப்டில் (விஷுவல் ஸ்டுடியோவின் கட்டளைச் சாளரம்) விசிபேக்கேஜ் இன்ஸ்டால் என்று அடித்தால் "மேனிஃபெஸ்ட் கிடைக்கவில்லை, இந்த விசிபேக்கேஜில் கிளாசிக் முறை இல்லை" என்கிறது. குளோன் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஓடுதளம் | 15 ஜனவரி 2025

நீங்கள் ஓட்டுவது உங்கள் குளோனை இல்லை ஜி. விஷுவல் ஸ்டுடியோ 2022 தன்னோடு ஒரு விசிபேக்கேஜ் கொண்டுவருகிறது, அதில் மேனிஃபெஸ்ட் முறை மட்டும்தான், பெயரைச் சொல்லி நேராக நிறுவும் கிளாசிக் முறை இல்லை. டெவலப்பர் பிராம்ப்ட் திறந்தவுடன் விசிபேக்கேஜ் ரூட் என்ற சூழல் மாறியையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். பிராம்ப்ட் திறந்த பிறகு அந்த மாறியை உங்கள் குளோனுக்கு மாற்றி எழுதுங்கள், எக்ஸியை முழுப் பாதையோடு கூப்பிடுங்கள். முன்பே மாற்றி வைத்தால் பயனில்லை, பிராம்ப்ட் அதன் மேல் எழுதிவிடும்.

தொகுப்பான் | 19 ஜனவரி 2025

குளோனை ஏன் சுருக்கக்கூடாது என்று பாக்கி வைத்தேன்.

மேனிஃபெஸ்டில் 'பில்ட்இன்-பேஸ்லைன்' என்று ஒரு வரி எழுதலாம். அதன் மதிப்பு விசிபேக்கேஜ் களஞ்சியத்தின் ஒரு கமிட் எண், 40 எழுத்து முழுசாக. அந்தக் கமிட் நாளில் ஒவ்வொரு லைப்ரரியும் எந்தப் பதிப்பில் இருந்ததோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும். ஒரு லைப்ரரியை மட்டும் வேறு பதிப்பில் நிறுத்த வேண்டுமென்றால் 'ஓவர்ரைட்ஸ்' பகுதி. இதற்கெல்லாம் விசிபேக்கேஜ் கிட் வரலாற்றுக்குள் போய்ப் பழைய கோப்புகளை எடுக்கிறது. வரலாறே இல்லாத குளோனில் அது எங்கே போகும்?

புதுப்பிக்க: குளோனில் கிட் புல், மீண்டும் பூட்ஸ்ட்ராப், பிறகு செயலியின் ஃபோல்டரில் 'எக்ஸ்-அப்டேட்-பேஸ்லைன்' கட்டளை. அது அந்த 40 எழுத்தை இன்றைய கமிட்டுக்கு மாற்றும். மாறிய மேனிஃபெஸ்டைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். பில்டு உடைந்தால் ஒரே ரிவர்ட்டில் பழைய நிலை.

கிளாசிக் முறையில் இருப்பவர்களுக்கு: 'அப்டேட்' கட்டளை எது பழசு என்று பட்டியல் மட்டும் போடும், எதையும் மாற்றாது. 'அப்கிரேடு' கட்டளைதான் மாற்றும், அதுவும் 'நோ-ட்ரை-ரன்' கொடி கொடுத்தால்தான்.

பூச்சிபிடி | 19 ஜனவரி 2025

அப்டேட் அப்டேட் செய்யாது, அப்கிரேடு அப்கிரேடு செய்யாது. புரிந்தது.

தொகுப்பான் | 20 ஜனவரி 2025

விண்டோஸில் 64 பிட் டிஎல்எல் சிஸ்டம்32இல் இருக்கும், 32 பிட் டிஎல்எல் சிஸ்வாவ்64இல் இருக்கும். அதற்குப் பழகியவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

அந்த ஃபோல்டர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால்: கிடைத்த டிஎல்எல்லை சிஸ்டம்32இல் போடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. போடாதீர்கள். எக்ஸி இருக்கும் ஃபோல்டரைத்தான் விண்டோஸ் முதலில் தேடும், அங்கே போட்டால் போதும். சிஸ்டம்32இல் போட்டது, தன் ஃபோல்டரில் சொந்தப் பிரதி வைத்துக்கொள்ளாத மற்ற செயலிகள் தலையில் போய் விழும். தனி டிஎல்எல்களை மட்டும் இறக்கித் தரும் தளங்கள் பக்கமே போக வேண்டாம். ஹெட்டரும் கிடையாது, யார் எந்தக் கம்பைலரில் கட்டினார்கள் என்றும் தெரியாது.

ஓடுதளம் | 2 பிப்ரவரி 2025

எம்சிஸ்2 பக்கத்தை யாரும் விரிவாகத் தொடவில்லை, அதனால் நான்.

நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் பல டெர்மினல்கள் தெரியும். பெயரைப் பார்த்துத் திறங்கள். எம்சிஸ் என்பது பேஷ், பேக்மேன் (தொகுப்பு நிறுவி) போன்ற கருவிகளுக்கானது. அதில் கட்டினால் உங்கள் செயலி எம்சிஸ் டிஎல்எல்லைக் கேட்கும். மிங்டபிள்யூ64 பழைய எம்எஸ்விசிஆர்டி ரன்டைமில் கட்டுகிறது. யுசிஆர்டி64தான் 2022 முதல் இயல்பான தேர்வு. கிளாங்64 அதே யுசிஆர்டி மேல் எல்எல்விஎம் கருவிகளோடு. ஆர்ம் கணினிக்கு கிளாங்ஆர்ம்64. 32 பிட் தொகுப்புகளைப் படிப்படியாகக் கழற்றி வருகிறார்கள், புதிதாக அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

புதுப்பிக்க: பேக்மேனுக்குப் பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யு மூன்று கொடியும் சேர்த்து. பேக்மேனோ எம்சிஸ் ரன்டைமோ மாறினால் டெர்மினலை மூடச் சொல்லும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து அதே கட்டளையை இன்னொருமுறை. இந்த இரண்டாம் தடவையை மறந்தவர்கள்தான் பாதித் தொகுப்பு புதுசு, பாதி பழசு என்று மாட்டுகிறார்கள். யு இல்லாமல் எஸ்ஸும் ஒய்யும் மட்டும் கொடுத்து ஒரே ஒரு தொகுப்பை நிறுவுவதும் அதே வம்புதான். இங்கே எல்லாம் சேர்ந்தேதான் நகரும்.

தொகுப்புப் பெயரின் முன்னொட்டு நீளம்: மிங்டபிள்யூ-டபிள்யூ64-யுசிஆர்டி-எக்ஸ்86_64. ஒவ்வொரு தடவையும் அடிக்கக் கை வலித்தால் பேக்டாய்ஸ் தொகுப்பை நிறுவி 'பேக்பாய்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் பி எழுத்தும் போட்டால், திறந்திருக்கும் டெர்மினலுக்கு ஏற்ற முன்னொட்டை அதுவே சேர்க்கும்.

கட்டி முடித்த எக்ஸியை வேறு கணினிக்குக் கொண்டுபோக: எல்டிடி கட்டளையை எக்ஸி மேல் ஓட்டி, யுசிஆர்டி64இன் 'பின்' ஃபோல்டரிலிருந்து வருபவற்றை மட்டும் பொறுக்கி அருகில் வையுங்கள். சி++ என்றால் லிப்ஸ்டிசி++-6, லிப்ஜிசிசி_எஸ்_எஸ்ஈஎச்-1, லிப்வின்பிதிரெட்-1 பெரும்பாலும் பட்டியலில் இருக்கும்.

தொகுப்பான் | 3 பிப்ரவரி 2025

இதோடு ஒரு கண்ணிவெடி. எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றை எம்சிஸ்2 பேஷிலிருந்து, ஆனால் எம்எஸ்விசி கம்பைலரால் கட்ட வேண்டியிருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு டூல்செயின் எம்எஸ்விசி என்று சொல்ல வேண்டும், அது எளிது. ஆனால் எம்சிஸ்2இன் யுஎஸ்ஆர் 'பின்' ஃபோல்டரில் லிங்க்.எக்ஸி என்றே ஒரு கருவி உண்டு: கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் போடும் யுனிக்ஸ் கட்டளை. மைக்ரோசாஃப்ட் லிங்க்கருக்குப் போக வேண்டிய அழைப்பு அதற்குப் போய், "கூடுதல் ஆபரண்ட்" என்று சம்பந்தமே இல்லாத ஒரு பிழை வரும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டோ அதை விழுங்கிவிட்டு "கம்பைலர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லும்.

டெவலப்பர் பிராம்ப்டிலிருந்து எம்சிஸ்2ஐத் திறக்கும்போது எம்சிஸ்2 பாத் டைப் மாறியை 'இன்ஹெரிட்' என்று வைத்து, உள்ளே போனதும் 'விச் லிங்க்' அடித்துப் பாருங்கள். யுஎஸ்ஆர் 'பின்' காட்டினால் எம்எஸ்விசி பாதையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கருவியின் பெயரையே மாற்றுகிறவர்களும் உண்டு. அது கோர்யூட்டில்ஸ் அடுத்த முறை புதுப்பிக்கப்படும் வரை தாங்கும்.

புதுவிசை | 23 பிப்ரவரி 2025

விசிபேக்கேஜ் பில்டு ஓடுகிறது. ஆனால் சிமேக் இசட்லிப்பை மட்டும் ஸ்ட்ராபெரி என்ற ஃபோல்டரிலிருந்து எடுக்கிறது. அது எங்கிருந்து முளைத்தது?

தொகுப்பான் | 23 பிப்ரவரி 2025

ஸ்ட்ராபெரி பேர்ல். ஓபன்எஸ்எஸ்எல் கட்டவோ வேறெதற்கோ நிறுவியிருப்பீர்கள். அது பேர்ல் மட்டும் தருவதில்லை. முழு ஜிசிசியும் இசட்லிப் உட்பட ஒரு கூட்டம் லைப்ரரிகளும் சேர்த்துத் தந்து, அந்த 'பின்' ஃபோல்டரைப் பாத் சூழல் மாறியிலும் எழுதிவிடும். விண்டோஸில் சிமேக், பாத்தில் 'பின்' என்று முடியும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பக்கத்தில் லிப், இன்க்ளூட் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். அங்கே ஜிசிசி இசட்லிப் அகப்பட்டுவிட்டது.

பில்டு செய்யும் பிராம்ப்டில் மட்டும் பாத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இல்லை, சிமேக் 3.23 அல்லது மேல் என்றால் 'இக்னோர் ப்ரிஃபிக்ஸ் பாத்' மாறியில் ஸ்ட்ராபெரியின் சி ஃபோல்டரைக் கொடுங்கள். எதை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்க்க 'டீபக்-ஃபைண்ட்' கொடி. பக்கம் பக்கமாகக் கொட்டும், கோப்பில் திருப்பிவிட்டுத் தேடுங்கள். எதைச் செய்தாலும் பில்டு ஃபோல்டரின் சிமேக்கேஷ் கோப்பை அழிக்காவிட்டால் பழைய பாதையே திரும்ப வரும்.

ஆனால் டூல்செயின் கோப்பைச் சரியாகக் காட்டியிருந்தால் விசிபேக்கேஜின் பாதைதான் முதலில் வந்திருக்க வேண்டும். மேனிஃபெஸ்டில் இசட்லிப்பை எழுதினீர்களா, இல்லை லிப்பிஎன்ஜி இழுத்து வரும் என்று விட்டுவிட்டு ட்ரிப்லெட்டை மாற்றினீர்களா? இன்ஸ்டால்டு ஃபோல்டரில் உங்கள் ட்ரிப்லெட் பெயருக்குள் இசட்லிப்பின் ஹெட்டர் இருக்கிறதா பாருங்கள்.

புதுவிசை | 24 பிப்ரவரி 2025

இருக்கிறது, ஆனால் எக்ஸ்64-விண்டோஸ் ஃபோல்டரில். ட்ரிப்லெட்டை மாற்றியபோது பழைய பில்டு ஃபோல்டரையே வைத்துக்கொண்டிருந்தேன். அழித்ததும் சரி.

பூச்சிபிடி | 9 ஏப்ரல் 2025

சிமேக் 4 வந்ததிலிருந்து விசிபேக்கேஜில் இல்லாத ஒரு சின்ன லைப்ரரி கட்டவே மாட்டேன் என்கிறது. "3.5க்கு முந்தைய பதிப்புகளோடு இணக்கம் நீக்கப்பட்டது" என்று ஒரே வரி. அந்த லைப்ரரியில் பல வருடமாக யாரும் கை வைக்கவில்லை.

ஓடுதளம் | 9 ஏப்ரல் 2025

போன மாதக் கடைசியில் வந்த சிமேக் 4.0இன் மாற்றம் அது. சிமேக் கோப்பின் முதல் வரியில் குறைந்தபட்சப் பதிப்பு 2.8 என்றோ 3.0 என்றோ இருந்தால் நேராக நின்றுவிடும். கான்ஃபிகர் செய்யும்போது சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம் மாறியை 3.5 என்று கொடுங்கள், பெரும்பாலானவை தாண்டிவிடும். சூழல் மாறியாகவும் கொடுக்கலாம், உள்ளே இன்னொரு சிமேக்கைக் கூப்பிடும் பில்டுகளுக்கு அதுதான் வசதி. விசிபேக்கேஜில் பழைய பேஸ்லைனைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கும் இது வரலாம். பேஸ்லைனை முன்னே நகர்த்துங்கள்.

தொகுப்பான் | 13 ஏப்ரல் 2025

பூச்சிபிடி கேட்டதை ஒட்டி இன்னொன்று. விசிபேக்கேஜில் லைப்ரரி இருக்கிறது, ஆனால் மூலத் திட்டம் நேற்று வெளியிட்ட பதிப்பு இன்னும் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

விசிபேக்கேஜ் குளோனின் போர்ட்ஸ் ஃபோல்டரில் அந்த லைப்ரரியின் ஃபோல்டரை அப்படியே உங்கள் செயலிக்குள் பிரதி எடுங்கள். உள்ளே இரண்டு முக்கியக் கோப்புகள். விசிபேக்கேஜ்.ஜேசனில் பதிப்பு எண்ணை மாற்றுங்கள். போர்ட்ஃபைல்.சிமேக்கில் ஷா512 மதிப்பை (இறக்கும் சோர்ஸைச் சரிபார்க்கும் ஹாஷ்) 0 என்று வைத்துவிட்டு, ஓவர்லே-போர்ட்ஸ் கொடியில் உங்கள் ஃபோல்டரைக் காட்டி ஓட்டுங்கள். சோர்ஸை இறக்கிய பிறகு ஹாஷ் பொருந்தவில்லை என்று நின்று, உண்மையான மதிப்பை அச்சிடும். அதை உடனே ஒட்டிவிடாதீர்கள். மூலத் திட்டம் கையெழுத்தோ ஹாஷோ வெளியிட்டிருந்தால் முதலில் அதோடு ஒப்பிடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சேமிப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து உடைவது பேட்ச்சுகள், அதாவது சோர்ஸ் திருத்தக் கோப்புகள். பழைய பதிப்புக்கு எழுதிய பேட்ச் புதியதில் ஒட்டாது. மூலத் திட்டமே அந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கும், பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பேட்ச்சை நீங்களே எழுதினால் வரி முடிவைக் கவனியுங்கள். கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் வரி முடிவை மாற்றிவிட்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பேட்ச்சை ஒட்டவிடாமல் செய்யும்.

கட்டும்போது விழுந்தால் திரையைப் பார்க்காதீர்கள். பில்டுட்ரீஸ் ஃபோல்டரில் லைப்ரரி பெயருக்குள் ட்ரிப்லெட் பெயரோடு லாக் கோப்புகள் இருக்கும். உண்மையான பிழை அங்கேதான்.

பூச்சிபிடி | 13 ஏப்ரல் 2025

எப்போதும் ஆகப் புதிய பதிப்புதான் நல்லதா? எக்ஸ்இசட் கதை நினைவிருக்கிறதா?

தொகுப்பான் | 14 ஏப்ரல் 2025

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு இருந்தது வெளிப்பட்டது. குறி வைத்தது லினக்ஸ் தொகுப்புகளை, விண்டோஸை இல்லை. ஆனால் பாடம் அதேதான்: வெளிவந்த அன்றே ஓடிப்போய் எடுத்தவர்கள்தான் மாட்டினார்கள். மறுபக்கம் 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைக் கையாளும் லிப்வெப்பியில் ஓட்டை. 1.3.2இல் சரிசெய்தார்கள், அதைத் தள்ளிப்போடவே முடியாது. இசட்லிப்பும் அப்படித்தான், 1.2.12இல் ஒன்றும் 1.2.13இல் ஒன்றுமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள். என் வழக்கம்: பாதுகாப்புத் திருத்தம் உடனே, புது வசதிகளுக்கான பதிப்பு கொஞ்ச நாள் ஊறட்டும்.

ஸ்டாட்டிக்காகக் கட்டியவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். டிஎல்எல் என்றால் ஒரு கோப்பை மாற்றி அனுப்பினால் தீர்ந்தது, ஒரே ஏபிஐ (பைனரி இடைமுக) வரிசைக்குள் இருக்கும்வரை. ஸ்டாட்டிக் என்றால் எக்ஸியையே மறுபடி கட்டி வெளியிட வேண்டும். புதுவிசைக்கு ஒரே எக்ஸி வேண்டும் என்ற ஆசையின் விலை இது.

புதுவிசை | 6 மே 2025

என் கணினியில் அருமையாக ஓடும் எக்ஸி, வேறொரு கணினியில் திறந்தவுடனே மூடிக்கொள்கிறது. செய்தி எதுவும் இல்லை. நிகழ்வுப் பதிவில் எம்எஸ்விசிபி140.டிஎல்எல் பெயர் இருக்கிறது. அந்த டிஎல்எல் அங்கே இருக்கிறதே!

ஓடுதளம் | 6 மே 2025

இருக்கிறது, ஆனால் பழசு. நான் ஜனவரியில் சொன்ன ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் நிபந்தனை இதுதான், இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.10 பதிப்பில் ஸ்டாண்டர்டு மியூடெக்ஸின் (த்ரெட்டுகளுக்கான பூட்டு) கன்ஸ்ட்ரக்டரை கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் (கம்பைல் நேரத்திலேயே கணக்கிடக்கூடியது) ஆக்கினார்கள். புது ஹெட்டரில் கட்டிய செயலி பழைய எம்எஸ்விசிபி140ஐ ஏற்றினால், முதல் மியூடெக்ஸ் லாக்கிலேயே வெற்றுச் சுட்டியைத் தொட்டு விழும். டிஎல்எல்லின் பெயர் 2015இலிருந்து மாறவே இல்லை, அதனால் பெயரைப் பார்த்து எதுவும் தெரியாது. ப்ராப்பர்ட்டீஸில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 14.40க்குக் கீழ் என்றால் அதுதான்.

மருந்து: மைக்ரோசாஃப்டின் சமீபத்திய விசி ரீடிஸ்ட்டை அங்கே நிறுவுங்கள். அதை நிறுவியும் விழுந்தால், செயலியின் ஃபோல்டரிலோ பாத்திலோ வேறு யாரோ தங்கள் பழைய பிரதியைப் போட்டிருக்கிறார்கள். பிளக்இன் வழியாக வேறொரு செயலிக்குள் ஏறும் டிஎல்எல்லைக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் செயலியின் ரன்டைம்தான் விதி. அவர்கள் மட்டும் 'டிஸேபிள் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் மியூடெக்ஸ் கன்ஸ்ட்ரக்டர்' மேக்ரோவை வரையறுத்துக் கட்டலாம்.

தொகுப்பான் | 7 மே 2025

வேறு கணினியில் ஓடாத எக்ஸிக்குப் பொதுவாக, பிழை எண்ணைப் பாருங்கள். கடைசி இலக்கங்கள் போதும். 0135 என்றால் டிஎல்எல் கிடைக்கவே இல்லை. 0139 என்றால் கிடைத்தது, ஆனால் கேட்ட ஃபங்ஷன் அதில் இல்லை, அதாவது பதிப்பு வேறு. 007பி என்றால் 32, 64 பிட் கலந்துவிட்டது.

எந்த டிஎல்எல் என்று பார்க்க, டெவலப்பர் பிராம்ப்டில் டம்ப்பின் கருவியை டிபெண்டண்ட்ஸ் கொடியோடு ஓட்டுங்கள். ஒரு மட்டம்தான் காட்டும். அந்த டிஎல்எல்கள் கேட்கும் டிஎல்எல்களுக்கு மறுபடி ஓட்ட வேண்டும், அல்லது 'டிபெண்டன்சீஸ்' என்ற திறமூலக் கருவியில் மரமாகவே பார்க்கலாம். இரண்டிலும் ஓடும்போது கையால் ஏற்றப்படும் பிளக்இன்கள் தெரியாது. க்யூடி செயலி "விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பிளக்இன் கிடைக்கவில்லை" என்பது இந்த வகை: க்யூவிண்டோஸ்.டிஎல்எல் 'பிளாட்ஃபார்ம்ஸ்' என்ற உட்ஃபோல்டரில் இருக்க வேண்டும், எக்ஸி பக்கத்தில் போட்டால் பார்க்காது. விண்டிப்ளாய்க்யூடி அதைச் சரியாக வைக்கும். எதற்கும் மசியாவிட்டால் பிராசஸ் மானிட்டரில் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வடிகட்டிப் பாருங்கள்.

பைத்தானுக்கு எக்ஸ்டென்ஷன் கட்டுபவர்கள்: 3.8 முதல் அதன் சார்பு டிஎல்எல்களுக்குப் பாத் தேடப்படுவதில்லை. ஓஎஸ் மாட்யூலின் ஆட்_டிஎல்எல்_டைரக்டரி கொண்டு ஃபோல்டரைச் சொல்ல வேண்டும்.

பூச்சிபிடி | 18 மே 2025

ஓபன்எஸ்எஸ்எல்லை மட்டும் கையால் கட்ட வேண்டிய நிலை. மூலத் திட்டம் விண்டோஸ் பைனரி தருவதில்லையாமே?

தொகுப்பான் | 18 மே 2025

தருவதில்லை, சோர்ஸ் மட்டும்தான். தேவை பேர்ல், நாஸ்ம் (அசெம்ப்ளர்), எக்ஸ்64 டெவலப்பர் பிராம்ப்ட். நாஸ்ம் பாத்தில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் நோ-ஏஎஸ்எம் கொடுக்கலாம், கிரிப்டோ வேகம் அடிபடும். பேர்ல் கொண்டு கான்ஃபிகர் கோப்பை ஓட்டி இலக்காக விசி-வின்64ஏ, ப்ரிஃபிக்ஸாக உங்கள் ஃபோல்டர். பிறகு என்மேக், என்மேக் டெஸ்ட், என்மேக் இன்ஸ்டால். எம்சிஸ்2 பேர்ல் இதற்கு ஆகாது, பாதைகளை யுனிக்ஸ் பாணியில் எழுதும். ஸ்ட்ராபெரிதான். (ஆம், மேலே திட்டிய அதே ஸ்ட்ராபெரி.)

1.1.1 வரிசைக்கு ஆதரவு 2023 செப்டம்பர் 11உடன் முடிந்தது. 3.0க்கு 2026 செப்டம்பர் 7 வரை. போன மாதம் வந்த 3.5 நீண்டகால ஆதரவு வரிசை, புதிதாகத் தொடங்குவதானால் அதை எடுங்கள். ஓடும்போது "ஆப்லிங்க் இல்லை" என்று நின்றால், உங்கள் செயலியும் ஓபன்எஸ்எஸ்எல்லும் வேறுவேறு ரன்டைமில் இருந்துகொண்டு ஃபைல் சுட்டியைப் பரிமாறுகிறார்கள் என்று பொருள். ரன்டைமை ஒன்றாக்குங்கள், இல்லையேல் ஆப்லிங்க்.சி கோப்பை எக்ஸியில் சேர்த்துக் கட்டுங்கள்.

புதுவிசை | 1 ஜூன் 2025

ரீடிஸ்ட் நிறுவியதும் அங்கேயும் ஓடுகிறது. எக்ஸியை வெளியிடலாம் என்று இருக்கிறேன். லைப்ரரிகளின் உரிமக் கோப்புகளை ஒவ்வொரு தளமாகப் போய்ச் சேகரிக்கணுமா?

ஓடுதளம் | 1 ஜூன் 2025

வேண்டாம். இன்ஸ்டால்டு ஃபோல்டரில் ட்ரிப்லெட்டுக்குள் ஷேர், அதற்குள் லைப்ரரி பெயர், அதற்குள் காப்பிரைட் என்று நீட்டிப்பு இல்லாத கோப்பு. எல்லாவற்றையும் எடுத்து எக்ஸியோடு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஸ்டாட்டிக்கில் கட்டியிருக்கிறீர்கள், எல்ஜிபிஎல் (பயனர் அந்த லைப்ரரியை மாற்றிக்கொள்ள வழிவிடச் சொல்லும் உரிமம்) என்று எழுதியிருப்பவற்றைத் தனியே பிரியுங்கள். அவற்றை மட்டும் டிஎல்எல்லாக விட ட்ரிப்லெட் கோப்பைப் பிரதி எடுத்து, போர்ட் மாறி அந்தப் பெயராக இருந்தால் லைப்ரரி லிங்கேஜ் டைனமிக் என்று ஒரு இஃப் எழுதி, ஓவர்லே-ட்ரிப்லெட்ஸ் கொடியில் காட்டினால் போதும்.